ஹரால்டின் கண்ணில் அம்பு: பழைய செதுக்கோவியங்களில் பிரிட்டனின் தொடக்க இடைக்காலம்

ரோமானியர் ஆட்சி பிரிட்டனில் முடிவுக்கு வந்தது கி.பி. 410 வாக்கில். இங்கிலாந்து மன்னர் ஹரால்ட் நார்மன்களிடம் தோற்று, கண்ணில் அம்பு பாய்ந்து இறந்தார் என்று கதை சொல்லும் ஹேஸ்டிங்ஸ் போர் நடந்தது 1066இல். இந்த அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் படம் தேடுகிறவர்கள் கையில் முதலில் சிக்குவது 18, 19ஆம் நூற்றாண்டுகளில் லண்டனில் அச்சான செதுக்கோவியங்கள், அதாவது தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்கி அச்சடித்த படங்கள்தான். மாட்டிடையன் குடிசையில் அப்பத்தைக் கருகவிட்டு வீட்டுக்காரியிடம் திட்டு வாங்கும் 9ஆம் நூற்றாண்டு மன்னர் ஆல்ஃபிரெட், கடல் அலையைப் பார்த்து நில் என்று சொல்லும் 11ஆம் நூற்றாண்டு டேனிய மன்னர் கனூட், பிரிட்டன் தலைவர் வோர்டிகர்னுக்கு மதுக்கிண்ணம் நீட்டும் வந்தேறித் தலைவனின் மகள் ரொவேனா என்று காட்சிகள் மறுபடி மறுபடி வரும். பெரும்பாலானவை ஏதோ ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் தைக்கப்பட்டிருந்தவை. புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்பதால் இன்று தனிப்படமாகத் திரிகின்றன. பாடநூல்களும் இணையதளங்களும் இவற்றை அந்தக் காலத்துச் சான்றுபோல் எடுத்துப் போடுவதும் அதனால்தான்.

இந்தப் படங்களில் மூன்று விதம் உண்டு. முதலாவது, ஓவியர் கதையைப் படித்துவிட்டு மனத்தில் கண்ட காட்சி. இரண்டாவது, அப்படி வந்த படத்தைப் பார்த்து இன்னொருவர் செதுக்கியது. மூன்றாவது, நாணயம், ஏட்டுச்சுவடி, துணி என ஒரு பழம்பொருளை எதிரே வைத்து அளந்து வரைந்தது. சுவரில் மாட்ட அழகாக இருப்பவை முதல் இரண்டும். வரலாற்றுக்கு உதவுவது மூன்றாவதுதான். பார்க்க வறட்சியாக இருப்பதால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தாளும் கோடும்

படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன், கையில் இருப்பது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸும் சாய்வாக விழும் வெளிச்சமும் போதும்.

செப்புத் தகட்டில் செதுக்கியவர், நான்கு பட்டை உள்ள எஃகு உளியை உள்ளங்கையால் தள்ளிக் கோடு செதுக்கினார். உளி உள்ளே இறங்கும் இடத்தில் கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி கூராக முடியும். அமிலம் அரித்த கோடு அப்படி இருக்காது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனாக இருந்து மழுங்கலாக நிற்கும். பெரும்பாலான வரலாற்றுப் படங்களில் இரண்டும் சேர்ந்தே வரும். மரம், வானம், கூட்டம் எல்லாவற்றையும் முதலில் அமிலத்தால் விரைவாக அரித்துவிட்டு, முகத்தையும் கையையும் உளியால் முடிப்பார்கள். தகட்டுக்கு மை பூசி, மேற்பரப்பைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். மை பள்ளங்களில் மட்டும் தங்கும். நனைத்த தாளை மேலே வைத்துக் கம்பளி விரிப்போடு உருளைகளுக்கு இடையே செலுத்தினால், அந்த அழுத்தத்தில் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையைத் தூக்கி வரும். அதனால் அச்சான கோடு தாள்மேல் லேசாகப் புடைத்திருக்கும். தகட்டின் நான்கு விளிம்பும் தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். இந்தத் தகட்டுத் தழும்பு இல்லையென்றால், ஓரம் வெட்டப்பட்ட தாளாக இருக்கலாம். செப்புத் தகட்டு அச்சே இல்லாமலும் இருக்கலாம்.

மரச் செதுக்கு இதற்கு நேர் எதிர். பாக்ஸ்வுட் மரத்தை நெடுக்காக அறுக்காமல் குறுக்காக அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் வெள்ளையாக வரவேண்டியதைச் செதுக்கி எடுப்பார்கள். மிஞ்சி நிற்கும் மேடுதான் கறுப்பாக அச்சாகும். கட்டையின் உயரமும் அச்செழுத்தின் உயரமும் ஒன்றாக, சுமார் 23 மில்லிமீட்டர் இருப்பதால் எழுத்தோடு சேர்த்தே அச்சடிக்கலாம். தழும்பு இருக்காது. பின்பக்கம் வாசகம் இருக்கும். பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது. பெரிய படம் வேண்டுமென்றால் பல சிறு கட்டைகளைத் திருகாணி போட்டு இறுக்கிச் சேர்ப்பார்கள். அந்த இணைப்பு தளர்ந்தால் படத்தின் குறுக்கே மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு விழும். பலர் அதை மடிப்பு என்று நினைத்துக் கழித்துவிடுகிறார்கள். பல கட்டைகள் சேர்த்த மரச் செதுக்கு என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

1820களில் எஃகுத் தகடு பரவியது. செம்பில் சில ஆயிரம் படிகள் எடுப்பதற்குள் கோடுகள் தேய்ந்து, மறுபடி உளி போட வேண்டிவரும். எஃகு பல பத்தாயிரம் தாங்கும். எஃகில் கோடுகளை மிக நெருக்கமாக இழுக்க முடியும் என்பதால் படம் முழுதும் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மின்னும், செம்பின் அடர்கறுப்பு இருக்காது. லென்ஸின் கீழ் கோடுகளுக்குப் பதிலாக ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் பிறகு வந்த எந்திரப் பிரதி. அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கையால் குத்தியதுபோல் சிதறியிருந்தால் அது ஸ்டிப்பிள் என்ற 18ஆம் நூற்றாண்டு முறை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுமார் 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சங்கிலிக் கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான கம்பிக் கோடுகளும் தெரிந்தால் அது பழைய வகைத் தாள். கோடே தெரியாத, நெய்த வலையில் வார்த்த மழமழப்பான தாள் இங்கிலாந்தில் 1757இல்தான் புத்தகத்துக்கு வந்தது. பரவலானது அந்த நூற்றாண்டின் கடைசியில். ஆகவே 1732 என்று சொல்லப்படும் படம் மழமழத் தாளில் இருந்தால், தகடு பழையதாக இருக்கலாம், ஆனால் அந்தப் படி பின்னால் எடுத்தது.

படத்தின் கீழே உள்ள சிறு எழுத்துகளில் சொல்லும் செய்தி நிறைய. இடது மூலையில் 'பின்க்ஸிட்' என்றால் வண்ண ஓவியம் தீட்டியவர், 'டெலினியாவிட்' என்றால் கோட்டுச் சித்திரம் வரைந்தவர். வலது மூலையில் 'ஸ்கல்ப்ஸிட்' என்று இருப்பது செதுக்கியவர் பெயர். நடுவில் வெளியீட்டாளர் பெயரும் தேதியும் இருந்தால் அது 1735ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. ஓவியர் ஹோகார்த் முன்நின்று வாங்கிக்கொடுத்த சட்டம் அது. தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருந்தால் 14 ஆண்டுகளுக்கு யாரும் பார்த்துச் செதுக்க முடியாது. ஆனால் அந்தத் தேதி தகட்டுக்குத்தான் உரியது. தகடு கைமாறும்போது பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் பொறிப்பார்கள். சுரண்டிய இடத்தில் லேசான கறை அல்லது பாதி எழுத்தின் நிழல் தெரியும். படத்தின் மேலே 'இன்ன வரலாற்று நூலுக்காகச் செதுக்கியது' என்று ஒரு வரி இருந்தால், 18ஆம் நூற்றாண்டில் தவணை தவணையாக விற்ற மலிவு நூல் ஒன்றின் தாள் அது.

இரண்டாம் வகைப் படங்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால், அச்சில் இடவலம் மாறிவிடும். வாள் இடது கையில் இருக்கிறதா, மேலங்கி வழக்கத்துக்கு மாறான தோளில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மூலப்படம் வேறு எங்கோ இருக்கிறது.

வாங்கியவர்கள் செய்யும் தவறுகளில் மோசமானது வெளுப்பு. தாளில் விழும் பழுப்புப் புள்ளிகளைக் குளோரின் கலந்த நீரில் வெளுத்தால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகும். சரியாக அலசாவிட்டால் எச்சம் தாளுக்குள்ளேயே தங்கி இழையைத் தின்னும், சில ஆண்டுகளில் பழுப்பு இருமடங்காகத் திரும்பும். கைவண்ணம் தீட்டிய படமென்றால் தண்ணீரே ஆபத்து. சட்டமிடும்போது மலிவு அட்டையின் அமிலம் சாளர விளிம்பை ஒட்டி ஒரு பழுப்புச் சட்டத்தைத் தாளில் எரித்துவிடும். அமிலமற்ற பருத்தி அட்டை, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்கள், கோதுமை மாவுப் பசை, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி என்று செய்தால் போதும். செல்லோடேப் ஒட்டவே கூடாது. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் அறையில் பூஞ்சை வரும்.

கற்பனைக் காட்சிகள்

ஜான் ஸ்பீடின் 1611ஆம் ஆண்டு நிலப்படத் தொகுதியில், ரோமானியருக்குப் பின் ஜெர்மானியப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாக்சன்களின் ஏழு அரசுகளைக் காட்டும் படம் ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் யோதோகுஸ் ஹோண்டியுஸ் செதுக்கியது. நிலப்படத்தின் இடப்பக்கம் ஏழு அரசுகளின் முதல் மன்னர்கள், வலப்பக்கம் ஒவ்வோர் அரசும் கிறிஸ்தவத்துக்கு மாறிய காட்சி, ஆக 14 சிறு படங்கள். அந்த மன்னர்களில் ஒருவருடைய முகம்கூட யாருக்கும் தெரியாது. கெண்ட் அரசின் முதல் மன்னராகச் சொல்லப்படும் ஹெஞ்சிஸ்ட் என்று ஒருவர் வாழ்ந்தாரா என்பதே கேள்வி. ஆனால் 1645இல் டச்சு நிலப்பட வெளியீட்டாளர் பிளாவ் இதையே இன்னும் நேர்த்தியாகத் திரும்பச் செதுக்கினார், யான்ஸோனியுஸும் செதுக்கினார். மூன்று தொகுதிகளில் வந்ததும் அந்த முகங்களுக்கு ஓர் உறுதி வந்துவிட்டது. அதே ஸ்பீடு, அதே ஆண்டில் வெளியிட்ட வரலாற்று நூலில் ராபர்ட் காட்டன் சேர்த்துவைத்திருந்த பழைய நாணயங்களைப் பார்த்துச் செதுக்கிய படங்களைச் சேர்த்தார். ஒரே மனிதரின் உழைப்பில் ஒன்று கற்பனை, ஒன்று சான்று. ஏலத்தில் விலை போவது நிலப்படம்தான்.

ஜார்ஜ் வெர்ட்யூ இன்னும் கவனமானவர். 1717 முதல் லண்டன் தொல்பொருள் சங்கத்தின் செதுக்குநர். ரபேன் எழுதிய இங்கிலாந்து வரலாற்றின் ஆங்கிலப் பதிப்புக்காக 1730களில் மன்னர்களின் தலையுருவப் படங்களைச் செதுக்கினார். முகத்துக்கு ஆதாரம் எங்கே என்று தேடி, அதைத் தகட்டிலேயே எழுதும் பழக்கம் உள்ளவர். அப்படிப்பட்டவருக்கே ஆல்ஃபிரெடுக்குக் கிடைத்தது ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி கல்லூரியில் தொங்கிய ஓர் ஓவியம். கல்லூரியை நிறுவியவர் ஆல்ஃபிரெட் என்ற கட்டுக்கதையை நம்பிய காலம் அது. மன்னர் இறந்தது 899இல். ஓவியம் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தையது. ஆதாரத்தைக் குறிப்பிடுவதால் மட்டும் படம் உண்மையாகிவிடாது. ஆனால் வெர்ட்யூ எழுதிவைத்ததால்தான் நம்மால் தடம் பிடித்துப் போக முடிகிறது. அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுவது அந்த ஒரு வரியால்தான்.

1750–52இல் பதிப்பாளர்களான நாப்டன் சகோதரர்களும் டாட்ஸ்லியும் வரலாற்றுக் காட்சிகளைப் பெரிய தாள்களில் வரிசையாகக் கொண்டுவரப் புறப்பட்டு, ஆறு படங்களோடு நிறுத்தினார்கள். ஃபிரான்சிஸ் ஹேமனும் நிக்கலஸ் பிளேக்கியும் வரைந்த அந்த ஆறில் வோர்டிகர்ன்–ரொவேனா, ஏதல்னி தீவில் ஆல்ஃபிரெட், ஹேஸ்டிங்ஸ் போர் மூன்றும் உண்டு. பின்னால் வந்தவர்கள் எந்தக் காட்சிகளை வரைய வேண்டும் என்பதை ஒருவகையில் இந்த ஆறுதான் தீர்மானித்தது. நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட் போயர் லண்டனின் பால் மால் வீதியில் ஓவியக்கூடமே திறந்து, ஹியூம் எழுதிய வரலாற்றுக்குப் படங்கள் தீட்டவைத்துச் செதுக்கினார். பணம் மூழ்கி, 1807இல் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் தள்ள வேண்டிவந்தது. பெரிய செப்புத் தகட்டுக்கு மாதக்கணக்கில் கூலி கொடுத்துவிட்டுச் சந்தாதாரரை நம்பிக் காத்திருக்கும் தொழிலில் இது எப்போதும் இருந்த ஆபத்து. அரை நூற்றாண்டு கழித்து காஸல் நிறுவனம் மரச் செதுக்கில், வாரம் ஒரு பென்னி விலையில் இங்கிலாந்து வரலாற்றை வெளியிட்டது. இன்று கையில் கிடைக்கும் கனூட், ஆல்ஃபிரெட் படங்களில் பெரும்பகுதி அந்தப் பென்னித் தாள்கள்தான்.

இந்தக் காட்சிகளில் உள்ள பிழைகள் ஒரு முறையோடு வருகின்றன. 18ஆம் நூற்றாண்டுப் படங்களில் சாக்சன் தலைவர்கள் ரோமானிய மார்புக் கவசமும் முழங்கால் வரை பாவாடையும் அணிந்திருப்பார்கள். ஓவியர் பயின்றது ரோமானியச் சிலைகளை வைத்துத்தான். அரண்மனைக்குக் கூர்முனை வளைவு வைத்த கல்மண்டபம் போடுவார்கள். அந்த வளைவு இங்கிலாந்துக்கு வந்தது 12ஆம் நூற்றாண்டில். சாக்சன் மன்னரின் மண்டபம் மரத்தால் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் டேனியர்களின் தலைக்கவசத்தில் சிறகு முளைக்கும். அந்தக் காலத்து அசல் தலைக்கவசங்களில், சட்டன் ஹூ புதையலில் இருந்தது 1939இலும், யார்க் நகரின் காப்பர்கேட்டில் இருந்தது 1982இலும்தான் கிடைத்தன. எதையும் பார்க்காமல் வரைந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுடைய கவசத்தை இன்று சான்றாகக் காட்டுபவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

கதைகளும் அப்படித்தான். அலையை நிறுத்திய கனூட், 12ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஆஃப் ஹண்டிங்டன் எழுதியதில் வருகிறார். மன்னரின் ஆணைக்குக் கடல் பணியாது என்று அரசவையினருக்குக் காட்டத்தான் அங்கே அவர் கரையில் அமர்கிறார். செதுக்கோவியத்தில் அந்தப் பேச்சு வராது. நாற்காலியும் அலையும் மட்டும் மிஞ்சும். பணிவைச் சொன்ன கதை, பார்ப்பவர் கண்ணில் ஆணவக் கதையாக மாறிவிட்டது.

சுவடியின் கடைசிச் சாட்சி

கருகிய அப்பக் கதை ஆல்ஃபிரெடின் காலத்தது அல்ல. அவர் இறந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து, புனித நியோட்டின் வாழ்க்கைக் குறிப்பில்தான் முதலில் வருகிறது. 1574இல் பேராயர் மாத்யூ பார்க்கர், ஆல்ஃபிரெடை நேரில் அறிந்த அஸ்ஸர் எழுதிய வரலாற்றைப் பதிப்பித்தபோது இந்தக் கதையையும் உள்ளே நுழைத்துவிட்டார். மன்னருடன் இருந்தவரே எழுதியது என்ற மதிப்பு கதைக்கு வந்தது. ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்ததற்கு அந்த மதிப்பும் காரணம்.

சுவடியைப் பார்த்துச் சரிசெய்யலாமே என்றால், அஸ்ஸர் நூலுக்கு எஞ்சியிருந்த இடைக்காலச் சுவடி ஒன்றே ஒன்று. நாணயம் சேர்த்த அதே ராபர்ட் காட்டனின் நூலகத்தில், ஒவ்வோர் அலமாரிக்கும் மேலே ஒரு ரோமானியப் பேரரசரின் சிலை வைத்து அடையாளம் சொன்ன அந்த அடுக்குகளில், ஓதோ சிலையின் கீழ் இருந்தது. 1731 அக்டோபர் 23 அன்று லண்டன் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் பிடித்த தீயில் எரிந்துபோனது. ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1722இல், ஃபிரான்சிஸ் வைஸ் ஆக்ஸ்ஃபோர்டில் போட்ட பதிப்பில் அந்தச் சுவடியின் தொடக்கத்தை அதே எழுத்துருவில் பார்த்துச் செதுக்கிச் சேர்த்திருந்தார்கள். மன்னரும் இல்லை, போரும் இல்லை, வெறும் எழுத்து வரிகள். எரிந்துபோன ஏடு சுமார் 1000ஆம் ஆண்டில் எழுதப்பட்டது என்று எழுத்தியல் அறிஞர்கள் இன்று கணிக்கும்போது, அவர்கள் பார்ப்பதற்கு இருப்பது அந்தச் செதுக்கல்தான். செதுக்குநரின் உளி எழுத்தின் நெளிவைச் சற்று மழுக்கியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தே பார்க்கிறார்கள். பார்க்கர் நுழைத்தவற்றை ஸ்டீவன்சன் 1904ஆம் ஆண்டுப் பதிப்பில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இவ்வளவு பணம் கொட்டி அச்சான ஆல்ஃபிரெட் காட்சிகளில் ஒன்றாலும் செய்ய முடியாததை ஒரு பக்கத்து எழுத்து செய்கிறது.

ஜோசஃப் ஸ்ட்ரட் இந்த வழியில் போனவர். செதுக்குத் தொழிலில் பயிற்சி பெற்றவர். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவடிகளில் இருந்த உருவங்களைப் பார்த்துச் செதுக்கி, 1773இல் முதல் நூலை வெளியிட்டார். அடுத்து 1774–76இல், சாக்சன்கள் காலம் முதல் இங்கிலாந்து மக்களின் உடை, ஆயுதம், பழக்கவழக்கம் பற்றிய மூன்று தொகுதிகள் வந்தன. அவர் கண்டுபிடித்த விதி எளிமையானது: ஏட்டில் படம் எழுதியவர் எந்தக் காலத்துக் கதையை வரைந்தாலும், உடையும் கட்டிலும் கோடரியும் தன் காலத்ததாகவே வரைவார். ஆகவே 11ஆம் நூற்றாண்டு பைபிள் சுவடியில் வரும் எகிப்து மன்னன் உண்மையில் ஆங்கிலோ-சாக்சன் மன்னன். எகிப்துக்கு உதவாத படம் இங்கிலாந்துக்குச் சான்றாகிவிடுகிறது. இதே விதியை 18ஆம் நூற்றாண்டுச் செதுக்கோவியத்துக்கும் போட்டுப் பார்த்தால், ரோமானியக் கவசம் அணிந்த ஹெஞ்சிஸ்ட் எந்தக் காலத்தைக் காட்டுகிறார் என்பது புரியும். ஸ்ட்ரட்டின் தகடுகளிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பல பக்கங்களில் இருந்த உருவங்களை எடுத்து ஒரே தகட்டில் நெருக்கமாக வைத்து எண் போட்டிருப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் மூலத்திலும் பக்கத்தில் நின்றார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாயூ துணியின் மூன்று படங்கள்

பொருளைப் பார்த்து வரைந்ததே என்றாலும் அங்கேயும் செதுக்குநரின் முடிவு உள்ளே வரும். பிரான்சில் பாயூ நகரில் உள்ள, கிட்டத்தட்ட 68 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட பூத்தையல் துணியைவிட இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. லினன் துணியில் கம்பளி நூலால் 1066 படையெடுப்பைத் தைத்தது.

1720களில் துறவி மோன்ஃபோகோன், அன்ட்வான் பென்வா என்பவரை அனுப்பி, பாணியை மாற்றாமல் வரைந்துவரச் சொன்னார். செதுக்கல்கள் 1729, 1730இல் வெளிவந்தன. ஹரால்ட் கொல்லப்படும் இடத்தில் கேடயத்தோடு நிற்கும் உருவத்தின் கையில் பென்வா காட்டியது இறகில்லாத வெறும் கோல், எறியப்போகும் ஈட்டிபோல.

1816இல் லண்டன் தொல்பொருள் சங்கம் சார்ல்ஸ் ஸ்டோதர்டை அனுப்பியது. அவர் வேலை செய்த விதமே வேறு. நூல் உதிர்ந்துபோன இடங்களில் ஊசித் துளைகளையும், துளையில் சிக்கி நின்ற நூல் துணுக்குகளின் நிறத்தையும் பார்த்து, அழிந்த தையலை நிரப்பி வரைந்தார். ஜேம்ஸ் பேசைர் செதுக்கிக் கைவண்ணம் தீட்டிய தகடுகளாக 1819 முதல் 1823 வரை அது வெளியானது. அதில் அதே கோலுக்கு இறகு வந்துவிட்டது. முனை நெற்றிப் பக்கம், கண்ணை நோக்கித் திரும்பிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த அம்பு அதுதான். ஸ்டோதர்ட் துளையைப் பார்த்து நிரப்பினாரா, அம்புக் கதையை அறிந்திருந்த கண் துளையை அப்படிப் பார்த்ததா என்பதற்கு அவரிடம் மேலும் கேட்க வழியில்லை. 1821இல் டெவனில் ஒரு தேவாலயச் சாளரத்தை வரைந்துகொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார்.

1842இல் துணி பழுது பார்க்கப்பட்டது. அப்போது போட்ட தையல்கள் எவை, பழையவை எவை என்று பிரிக்க இன்று முக்கியமாக உதவுபவை பென்வாவின் செதுக்கலும் ஸ்டோதர்டின் தகடுகளும். முதல் முழுப் புகைப்படம் சவுத் கென்சிங்டன் மியூசியத்துக்காக 1872இல் எடுக்கப்பட்டது, அதாவது பழுதுபார்ப்புக்கு முப்பது ஆண்டு கழித்து. அதனால் புகைப்படம் இந்த வழக்கில் தாமதமாக வந்த சாட்சி. பக்கத்திலேயே குதிரைவீரன் வெட்டிச் சாய்க்கும் இன்னோர் உருவத்தின் தலையருகிலும் ஊசித் துளைகளின் வரிசை இருக்கிறது. ஹரால்ட் இருவரில் யார், அல்லது இருவருமே அவர்தானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஸ்டோதர்டின் தகடு விற்பனைக்கு வந்தால் பலர் முதலில் பார்ப்பது வண்ணம் மங்கியிருக்கிறதா என்று. பார்க்க வேண்டியது கோடு. அந்தக் கோலின் வால்முனையில் இறகு உள்ளதா, முனை எங்கே முடிகிறது என்று லென்ஸில் பார்த்து, பென்வாவின் 1730ஆம் ஆண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சவுத் கென்சிங்டன் புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டி, அவற்றை மாதிரியாக வைத்து 1885–86இல் லீக் என்ற ஊரின் பெண்கள் எலிசபெத் வார்டில் தலைமையில் முழுத் துணியையும் மறுபடி தைத்தார்கள். அந்தப் படி இப்போது ரெடிங் நகர மியூசியத்தில் இருக்கிறது. அம்பு அதிலும் இருக்கிறது, இறகோடு.